ராஜிக்கு, அந்தப் பதினோராவது கேள்வி பற்றி

அன்புள்ள ராஜி,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. உன் பையன் பரீட்சையெல்லாம் எழுதி முடித்தானா? சரி, விஷயத்துக்கு வருகிறேன், இதை உன்னிடம் கொட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

முதலாண்டுப் பிள்ளைகளை ஒரு கிராமத்துக்குக் கள ஆய்வுக்குக் கூட்டிப்போயிருந்தேன். 186 வீடு. வினாநிரலில் பதினோராவது கேள்வி, குடிதண்ணீர் பிடிப்பதில் தெருவுக்குத் தெரு வேறுபாடு உண்டா என்பது. 186 வீட்டிலும் "அதெல்லாம் இல்லைங்க." கிளம்புகிற அன்று பஸ் நிறுத்தத்தில் கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டி என் கையைப் பிடித்து, "அந்த வூட்டுப் பையனைக் கூட வச்சுக்கிட்டுக் கேட்டா நாங்க என்னத்தைச் சொல்றது தாயி?" என்றார். நாங்கள் தங்கியது ஊர்ப் பெரியவர் வீட்டு மாடியில். வீடு வீடாகக் கூட வந்தது அவர் தம்பி மகன். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்கு இது உறைக்கவில்லையே ராஜி.

எல்லோரும் ஒரே பதில் சொல்லியிருக்கிறார்கள், நம்பகத்தன்மைக்கு இதைவிட என்ன வேண்டும் என்கிறார் துறையில் ஒருவர். நம் ஹாஸ்டல் கடிகாரம் ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருடமும் பிசகாமல் பத்து நிமிஷம் முன்னால் ஓடியதே (அதன் புண்ணியத்தில்தான் நீ சரோஜா மேடம் வகுப்புக்கு நேரத்துக்கு வந்தாய்). ஒரு நாளும் மாறாததால் அது சரியான மணி ஆகிவிடுமா? பதில் மாறாமல் வருவது நம்பகத்தன்மை, அளக்க நினைத்ததையே அளப்பது ஏற்புடைமை என்று நாம் உருப்போட்டோமே. 186 வீடு போதாதா என்று அடுத்த கேள்வி. 1936-இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னால் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிலை வைத்துக்கொண்டு லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ எடுத்தார். அவர்கள் பெயர் எடுத்த பட்டியல்கள் டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களுடையது, அதிலும் கேட்டவர்களில் பதில் போட்டது கொஞ்சம் பேர்தான்.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்க் கிராமத்தில் 1961-62-இல் அக்கிரகாரத்தில் தங்கினார். அங்கே இருந்துகொண்டு ஆதிதிராவிடர் தெருவுக்கு நினைத்தபடி போக முடியவில்லை, அவர்களைப் பற்றிய தன் தகவல்கள் தரத்தில் குறைந்தவை என்று 1965-இல் வந்த நூலில் அவரே எழுதிவைத்தார். யார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம் என்பதும் தரவுதான். எங்கள் அறிக்கையிலும் அப்படி ஒரு பக்கம் எழுதவேண்டும் என்றேன், பிள்ளைகள் மதிப்பெண் பாதிக்கும், விட்டுவிடுங்கள் என்கிறார்கள். விடமாட்டேன்.

ஆனால் ராஜி, இரவில் என்னை எழுப்புவது அது இல்லை. பாட்டி சொன்னதை எழுதலாமா? பெத்தேய் ஊருக்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்தார். நான் ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாம் மறைத்தாலும் அந்த நிறுத்தத்தில் கீரை விற்பது அவர் ஒருவர்தான், ஊர்க்காரர் கையில் அறிக்கை கிடைத்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அவர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பார்? என்னை நம்பிச் சொன்னார், எழுதிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்கக்கூட இல்லை. அதனால் அவர் பேச்சை எழுதப்போவதில்லை, நாங்கள் தங்கிய வீட்டையும் கூட வந்த ஆளையும் மட்டும் எழுதி, பதினோராவது கேள்வியின் பதில்களைப் பயன்படுத்தவில்லை என்று போடப்போகிறேன்.

வழிகாட்டி இல்லாமல், ஊரில் தங்காமல், இன்னொரு முறை போகவேண்டும். வினாநிரல் வேண்டாம், பேசினால் போதும். உன்னிடம்தான் எந்தப் பாட்டியும் ஐந்து நிமிஷத்தில் மனசு திறப்பாள். வருகிற இரண்டாம் சனிக்கிழமை லீவு போட்டு வருவாயா? உடனே எழுது.

உன்,
கோமதி