ஒதுக்கிய படங்களையும் ஃபோலியோவில் வையுங்கள்

பத்திரிகை ஆசிரியருக்கு வணக்கம்.

பஹாவ் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மரச்சாமான் பட்டறையில் இருபது வருடமாக வரைபடம் போடுகிறேன். சனிக்கிழமையானால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஆர்பிடி (வடிவமைப்பும் தொழில்நுட்பமும்) பாடத்து வேலையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 2017-இல் நம் மலேசியப் பள்ளிகளில் முதலாம் படிவத்தில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்வியல் திறன்) போய் இந்தப் பாடம் வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இப்போது வருகிற ஃபோலியோக்களை, அதாவது பிள்ளைகள் படமும் குறிப்பும் சேர்த்து ஒப்படைக்கிற கோப்புகளை, பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. இணையத்தில் ஒரு படத்தைப் பார்த்ததுமே முடிவு எடுத்துவிட்டு, மார்க்குக்காக இன்னும் இரண்டு யோசனைகளைப் பின்னால் வரைந்து சேர்க்கிறார்கள், மூன்றும் ஒரே பொருள்தான், வண்ணம் மட்டும் வேறு.

போன மாதம் ஒரு பெண்பிள்ளை வந்தாள். செம்பனைக் குலை வெட்டும்போது உதிர்ந்து சிதறும் பழத்தைப் பொறுக்க ஒரு கருவி செய்ய வேண்டுமாம், பாட்டி அந்த வேலை செய்தே முதுகு போனவர். நல்ல விஷயம். தாளில் இருந்ததோ நிழலெல்லாம் போட்ட ஓர் உருளைக் கூடை, அவ்வளவுதான். முதலில் பாட்டியிடம் கேட்டுவிட்டு வா என்றேன். குனிவது மட்டும் கஷ்டமில்லை, பழத்தோடு சருகும் கல்லும் சேர்ந்து வரும், நிறைந்த சாக்கைத் தூக்கவும் முடியாது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒரு மணி நேரத்தில் பதினொரு கிறுக்கல் போட்டாள்! அடியில் சல்லடை வைத்த முறம், நீளப் பிடி போட்ட வாரி, சாக்கை மாட்டுகிற தள்ளுவண்டி. வண்டிக்குப் பக்கத்தில் 'ஈர மண்ணில் சக்கரம் புதையும்' என்று தானே எழுதி, அந்தப் படத்தைக் கோடு போட்டு அடித்தாள். அந்த ஒரு வரியில்தான் பாடமே இருக்கிறது.

முதலில் நிறைய யோசனை வரட்டும், குறை சொல்வது அப்புறம் என்று அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1953-இலேயே எழுதிவிட்டார். நம் வீடுகளில் முதல் கோட்டிலேயே 'கோழி கிண்டின மாதிரி இருக்கு' என்கிறோம், பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறது.

காட்டும் விதமும் முக்கியம். 30 டிகிரியில் சாய்த்துப் போடும் ஐசோமெட்ரிக் படம் மட்டும் இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பக்கவாட்டுப் படம், மில்லிமீட்டரில் அளவு, எது எந்தப் பக்கம் அசையும் என்று அம்புக்குறி, எவ்வளவு பெரிது என்று காட்ட ஒரு கை, எல்லாம் வேண்டும். 'கவர்ச்சியாக உள்ளது' என்று குறிப்பு எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. அவள் தாளை அவள் தம்பியிடம் கொடுத்து, படத்தைப் பார்த்து விளக்கச் சொன்னேன், அவளை வாயைத் திறக்காமல் உட்காரச் சொன்னேன். கைப்பிடி எந்தப் பக்கம் மடங்கும் என்று அவன் தப்பாகச் சொன்னான், சரி, அந்த இடத்தில் ஓர் அம்பு சேர்ந்தது.

மூன்றாம் படிவத்துப் பிடி3 தேர்வு 2022-இல் ரத்து செய்யப்பட்டுவிட்டது. கீழ்ப் படிவங்களில் இந்த வேலையைப் பள்ளியிலேயே ஆசிரியர்கள்தான் மதிப்பிடுகிறார்கள், அதனால் இதை அவர்களிடமே கேட்கிறேன். அந்தப் பிள்ளை கிளம்பும்போது, பதினொன்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் சுத்தமாக வரைந்து வைக்கட்டுமா, இல்லையென்றால் டீச்சர் ஏசுவார் என்றாள். எடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து ஏசாமல் வாங்கிப் பாருங்கள்.

வாசகர், பஹாவ், நெகிரி செம்பிலான்