ஆணி மட்டும்

கொக்குவில்

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். அம்மாவின்ரை முழங்கால் அப்பிடித்தான். கடைசியா வீடியோவிலை கதைக்கேக்கை உனக்குப் பின்னாலை சுவரிலை ஆணி மட்டும் தெரிஞ்சது. பூட்டன்ரை வாளைக் கழட்டி வைச்சிருக்கிறாய் போலை. நல்லது. ஹீட்டர் காத்துப் படுற சுவரிலை மர உறை காய்ஞ்சு சுருங்கும், பூண் ஆடும், அலகு உள்ளுக்கை இறுகும். இறுகினால் பறிச்சு இழுக்காதை. உறையைப் பொத்திப் பிடிக்கவும் கூடாது. ஒட்டு விட்டிருந்தால் கூர் வெடிப்பாலை வந்து விரலை வெட்டும். முதுகுப் பக்கமாப் பிடிச்சு மெள்ள எடு.

எடுத்தால் திரும்ப உறைக்குள்ளை போட்டு வைக்காதை. மரம் ஈரத்தைப் பிடிச்சு வைச்சுத் துரு ஏத்தும். அலகுக்குத் தையல் மெசின் எண்ணெய் ரெண்டு துளி போட்டு, எண்ணெய் இருக்கிறதே தெரியாத அளவுக்குப் பருத்தித் துணியாலை துடை. தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்போகக் காறல் பிடிக்கும். வெறுங்கை படக்கூடாது, வேர்வை உப்பு விரலடையாளத்தை அப்பிடியே துருவாக்கிவிடும். சிங்கமுகப் பிடியைக் கம்பளியாலை சுத்தாதை, றப்பர் பட்டியும் போடாதை. ரெண்டிலையும் கந்தகம் இருக்கு, வெள்ளி கறுக்கும்.

வேலை எப்பிடிப் போகுதெண்டு அம்மா ரெண்டு தரம் கேட்டிட்டா.

கறுத்தாலும் மினுக்காதை. ஒவ்வொரு தரமும் வெள்ளியிலை கொஞ்சம் போகும், முதல் போறது எழுத்துத்தான். போர்த்துக்கேயர் காலத்திலை லஸ்கரின் எண்ட உள்ளூர்ச் சிப்பாய்ப் படையை நடத்தினவை முதலியார் பட்டம் வாங்கின அதிகாரிமார். இங்கிலீசுக்காரன் காலத்திலை படை போய்ப் பட்டமும் வாளும் மிஞ்சிச்சு. லண்டனிலை 1803இலை தொடங்கின, வீரருக்குப் பரிசு குடுக்கிற லோயிட்ஸ் நிதியும் கடற்படை அதிகாரிமாருக்குத் தரம் பார்த்து 100, 50, 30 பவுண் வாள் குடுத்தது. அதிலையும் ஆருக்கு, எதுக்கெண்டு அலகிலையே எழுதியிருக்கும். எழுத்துப் போனால் அது ஆற்றையோ வாள். பூட்டன்ரை பேர் உறை வாயிலை இருக்கிற வாய்ப்பூணிலை இருக்கு. மினுக்காதை.

ஆராவது அதைப் பாக்க வந்தால் முதல் உறை நுனியிலை இருக்கிற நுனிப்பூணைத்தான் பாப்பினம். அது அசல் இல்லைத் தம்பி. பித்தளைக்கு மேலை வெள்ளிப் பூச்சு. ஓரம் தேய்ஞ்ச இடத்திலை மஞ்சள் தெரியும், பச்சைக் களிம்பும் வரும். வாய்ப்பூணிலை பூவேலை கையாலை செதுக்கினது, இது வார்ப்பு. சாவகச்சேரியிலை நிண்ட காலம், உனக்கு அந்தக் காய்ச்சல் விடாமல் கிடந்த கிழமை, அசலைக் கழட்டி ஒரு பத்தரிட்டை வித்தனான். திரும்ப வாங்கப் போக, உருக்கியாச்சுது எண்டார். அப்பப்பாவுக்குச் சொல்லேல்லை. உனக்குத் தரேக்கையும் பூட்டன்ரை வாள், முழுசாத் தாறன், பத்திரம் எண்டுதான் சொன்னனான்.

நீ பொறுப்பான பிள்ளை. ஆனால் மூண்டு கிழமையா ஒரு போன் கோலும் இல்லை.

ஞாயிறு பின்னேரம் வீட்டிலைதான் நிப்பன். ஆணியைப் பற்றி அம்மாவுக்குச் சொல்லேல்லை.

அப்பா