மக்டவல் கவுன்டியும் தமிழ்ச் சங்கங்களின் டப்பா உணவும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நவம்பர் மாதம் நன்றி தெரிவிக்கும் நாளை ஒட்டி அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்கள் டப்பா உணவு திரட்டி உணவு வங்கிகளுக்குக் கொடுக்கும் செய்திகளை உங்கள் நாளிதழில் படிக்கிறோம். ‘எங்கள் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) பக்கத்தில் மளிகைக் கடையே இல்லாத உணவுப் பாலைவனமாகிவிட்டது, ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டை வரவழையுங்கள்’ என்று உள்ளூர்க் கூட்டங்களில் கேட்கும் வாசகர்களும் இருக்கிறார்கள். இரண்டும் நல்ல மனதோடு செய்பவைதான். ஆனால் முன்பு இருந்த கடை ஏன் மூடியது, உணவு எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பார்க்காமல் இறங்கினால் பணமும் உழைப்பும் வீணாகும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எந்த வட்டாரம் உணவுப் பாலைவனம் என்று காட்டும் அரசு வரைபடத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்க வேளாண் துறையின் கணக்கில், சுமார் 4,000 பேர் வாழும் ஒரு கணக்கெடுப்பு வட்டாரத்தில் 20 சதவீதமோ அதற்கு மேலோ வறுமையில் இருக்க வேண்டும், அல்லது குடும்பங்களின் இடைநிலை வருமானம் மாநில அளவில் 80 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதோடு 500 பேராவது, அல்லது மூன்றில் ஒரு பங்கினராவது, நகர்ப்புறமானால் 1 மைலுக்கும் கிராமப்புறமானால் 10 மைலுக்கும் அப்பால்தான் சூப்பர் மார்க்கெட்டைப் பார்க்க முடிய வேண்டும். இந்தத் தூரம் நேர்கோட்டில் அளக்கப்படுவது. சமவெளியில் இதனால் பெரிய பிழை வராது. மலையில் வரும். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் பறவை போனால் 6 மைல், சாலை வளைந்து வளைந்து போனால் அதைப்போல் இரண்டு மடங்குகூட ஆகலாம். வரைபடத்தில் அந்த வீடு ‘கடைக்கு அருகில்’ என்றே இருக்கும். ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்குக் கீழே விற்கும் கடைகள் இந்தக் கணக்கிலேயே சேராது என்பதையும் கவனிக்க வேண்டும். நல்ல காய்கறி வைத்திருக்கும் சின்னக் கடை மூடினாலும் வரைபடம் மாறாது. அதே வரைபடத்தில் கார் இல்லாத வீடுகளைக் காட்டும் அளவும் இருக்கிறது: கடையிலிருந்து அரை மைலுக்கு அப்பால் கார் இல்லாத வீடுகள் 100 இருந்தால் அந்த வட்டாரம் குறிக்கப்படும். உங்கள் கவுன்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

மேற்கு வர்ஜீனியாவின் தென்கோடியில் இருக்கும் மக்டவல் கவுன்டியை எடுத்துக்கொள்வோம். நிலக்கரிச் சுரங்கங்கள் ஓடிய 1950-ல் அங்கே ஏறத்தாழ 99,000 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 19,111 பேர். அமெரிக்காவின் உணவு உதவித் திட்டத்துக்கு இந்தக் கவுன்டி ஒரு முக்கியமான இடம். சோதனைத் திட்டமாகத் தொடங்கிய உணவுக் கூப்பன்கள் 1961 மே 29 அன்று முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது இங்கேதான். வெல்ச் ஊரின் மளிகைக் கடையில்தான் அவை முதலில் செலவாயின. அருகிலுள்ள கிம்பாலில் 2005-ல் வந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த நிறுவனம் அப்போது உலகெங்கும் மூடிய 269 கடைகளில் அது ஒன்று. ஆள் குறைந்த ஊரில் பெரிய கடை வரும்; அது வந்ததும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடும்; பிறகு பெரிய கடையும் கிளம்பிவிட்டால் முன்னைவிட மோசமான நிலை. அதோடு, இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் உணவு உதவி நிலையங்களுக்கும் அடி விழுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் விற்காமல் மீந்த ரொட்டி, இறைச்சி, காய்கறிதான் பல நிலையங்களுக்கு அன்றாட வரத்து. கடை போனால் அதுவும் நின்றுவிடும், அதே வாரம் நிலையத்தின் வாசலில் வரிசை நீளும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நம் ஊர் ரேஷனில் அரசு அரிசியையும் தருகிறது, கடையையும் நடத்துகிறது. அமெரிக்காவில் அந்த உணவுக் கூப்பன்களின் இன்றைய வடிவமான ‘ஸ்நாப்’ அட்டையில் மாதாமாதம் பணம் மட்டும் ஏறும். கடை தனியாருடையது. கடை இல்லாத ஊரில் அந்த அட்டையால் பெரிய பயன் இல்லை. சூடான சமைத்த உணவு, சோப்பு, குழந்தைக்கான டயப்பர் எதுவும் அதில் வாங்க முடியாது. (காய்கறி விதையும் நாற்றும் வாங்கலாம். இது தெரியாதவர்கள் இன்னும் நிறைய.)

சிறு கடை ஏன் நிற்பதில்லை? மளிகையில் நிகர லாபம் நூறு டாலருக்கு ஒன்றிரண்டு டாலர்தான். மொத்த வியாபாரி லாரி அனுப்ப வாரத்துக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு சரக்கு எடுத்தாக வேண்டும் என்று வரம்பு வைப்பார். அதை எட்டாத கடைக்கு லாரி வராது, வந்தாலும் கூடுதல் கட்டணம். காய்கறி, பழம் பெட்டியாகத்தான் வரும்: வாழைப்பழம் 40 பவுண்டு, லெட்டூஸ் 24 தலை. வாரத்துக்கு எட்டுத் தலை விற்கும் கடையில் மீதி பதினாறும் அழுகி, விற்ற எட்டின் லாபத்தையும் கொண்டுபோய்விடும். அடுத்த வாரம் கடைக்காரர் லெட்டூஸே எடுக்க மாட்டார். ‘இங்கே யாரும் காய்கறி வாங்குவதில்லை’ என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது. குளிர்பெட்டிகள் இரவு பகலாக ஓடும். பழைய கம்ப்ரஸர் ஒன்று கோடையில் நின்றால் ஒரு நாளில் பாலும் இறைச்சியும் குப்பைக்குப் போகும். இதற்கு மேல் மாதச் சுழற்சி வேறு. மேற்கு வர்ஜீனியாவில் ஸ்நாப் பணம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களுக்குள் ஏறிவிடும். முதல் இரண்டு வாரம் கூட்டம், கடைசி வாரம் கடை காலி. அழுகும் பொருளை இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப வாங்குவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம்.

மலிவு விலைப் பொருள் விற்கும் ‘டாலர் கடைகள்’ இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிடுகின்றன, ஏனென்றால் பெரும்பாலும் கெடாத சரக்குதான் வைக்கின்றன. 2018-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஸ்நாப் அட்டையை ஏற்க ஒரு கடையில் நான்கு வகை அடிப்படை உணவில் வகைக்கு மூன்று பொருள், பொருளுக்கு மூன்று எண்ணிக்கை, மொத்தம் 36 இருந்தால் போதும் என்றிருந்தது. இரண்டு வகைகளில் மட்டும் அழுகக்கூடிய பொருள் கட்டாயமாக இருந்தது. அதாவது கொஞ்சம் பாலும் கொஞ்சம் உறைந்த இறைச்சியும் வைத்து, ஒரு கீரைக்கட்டுகூட இல்லாமல் உரிமம் பெற முடிந்தது.

சூப்பர் மார்க்கெட்டை வரவழைத்தால் மக்கள் சாப்பிடுவது மாறிவிடும் என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய பொருளாதார ஆய்வு, ஏழைக் குடும்பங்களுக்கு வசதியானவர்களுக்குக் கிடைக்கும் அதே பொருளும் அதே விலையும் கிடைத்தாலும் இரு தரப்பினரும் சாப்பிடும் உணவின் சத்தில் உள்ள இடைவெளி சுமார் 10 சதவீதமே குறையும் என்று கண்டது. கடையே வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. கார் இல்லாத முதியவருக்குப் பாலும் முட்டையும் நடந்துபோகும் தூரத்தில் கிடைப்பது அதனளவில் பெரிய விஷயம். அதற்காகத்தான் கடை வேண்டும்.

கவுன்டிக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் திறப்பு விழாவுக்கான மானியத்தைக் கேட்காமல் நடப்புச் செலவுக்கு வழி கேளுங்கள். மூன்று நான்கு சிறு கடைகளும் பள்ளிச் சமையலறையும் சேர்ந்து ஒரே ஆர்டர் போட்டால் லாரி வரம்பை எட்டலாம். பெட்டியைப் பிரித்துக்கொண்டால் அழுகல் குறையும். குளிர்பெட்டி மாற்றக் கடன், ஸ்நாப்பில் காய்கறி வாங்கினால் கூடுதல் தொகை தரும் திட்டத்தில் கடையைச் சேர்ப்பது, இரண்டும் உடனே பலன் தருபவை. அந்தத் திட்டம் உழவர் சந்தையோடு நின்றுவிட்டால் சந்தை இல்லாத குளிர்மாதங்களில் பயனில்லை. கன்சாஸின் செயின்ட் பால் ஊரில் 1985 முதல் மளிகைக் கடை இல்லாமல் இருந்தது. 2008-ல் ஊரார் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினார்கள், பிறகு நகராட்சி அதை எடுத்துக்கொண்டது. புளோரிடாவின் பால்ட்வினில் 2019-ல் நகராட்சி தொடங்கிய கடையோ 2024-ல் மூடிவிட்டது. பொதுக் கடை என்பதாலேயே கொள்முதல் விலை குறைந்துவிடாது.

இனி டப்பா உணவு. திரட்டும் முன் உணவு உதவி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, குளிர்பெட்டியில் இடம் இருக்கிறதா, எந்த நாளில் வாங்குவார்கள் என்று கேளுங்கள். 20 பவுண்டு அரிசி மூட்டையைப் பிரித்து வீட்டில் சிறு பொட்டலம் கட்டித் தராதீர்கள்; உட்பொருள், ஒவ்வாமை விவரம் அச்சிட்ட உறை இல்லாததை விநியோகிக்க முடியாது. வீட்டில் சமைத்ததும் அப்படியே. துவரம்பருப்பை எப்படிச் சமைப்பது என்று மலைக் கவுன்டிகளில் பலருக்குத் தெரியாது. அங்கே வீட்டுக்கு வீடு பழகிய உணவு பின்ட்டோ பீன்ஸும் சோளரொட்டியும். அந்தப் பீன்ஸிலும் ஒரு சிக்கல்: காய்ந்ததை ஊறவைத்து மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். குழாய் நீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அடிக்கடி எச்சரிக்கை வரும் ஊர்களுக்கும் அடுப்பு இல்லாத வீடுகளுக்கும் வேகவைத்து டப்பாவில் அடைத்ததே உதவும். இழுத்துத் திறக்கும் மூடியாக இருந்தால் நல்லது. உப்பு குறைந்தது, சாறில் ஊறிய பழம், சூரை மீன், கடலை வெண்ணெய் எப்போதும் பற்றாக்குறை.

‘இந்தத் தேதிக்குள் சிறந்தது’ என்ற அச்சைப் பார்த்ததும் தூக்கி எறியாதீர்கள். குழந்தைகளுக்கான பால்மாவைத் தவிர மற்றவற்றில் அது பாதுகாப்புத் தேதி அல்ல. தக்காளி, பழம் போன்ற புளிப்பு டப்பாக்கள் ஒன்று, ஒன்றரை ஆண்டு வரையிலும் மற்றவை இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரையிலும் தரம் குறையாமல் இருக்கும். உப்பியது, தையலில் நசுங்கியது, துரு ஆழமாகப் பிடித்தது இவற்றை மட்டும் ஒதுக்குங்கள். கடும் அலட்சியம் இல்லாதவரை, நல்லெண்ணத்தோடு கொடுத்த உணவுக்காகக் கொடையாளரைச் சட்டப்படி பொறுப்பாக்க முடியாதபடி 1996-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் பாதுகாக்கிறது.

சங்கத்தின் கையில் தொகை இருந்தால் டப்பா வாங்காமல் பணமாகவே கொடுங்கள். உணவு வங்கி மொத்த விலையில் வாங்கும், எது குறைகிறதோ அதை வாங்கும். நவம்பரில் அலமாரி நிரம்பிவிடும். பள்ளி மதிய உணவு நின்றுபோகும் ஜூன், ஜூலையில்தான் காலியாகும். உங்கள் வசூலை மே மாதக் கடைசிக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று அடுத்த செயற்குழுவில் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கவுன்டி உணவு உதவிப் பணியில் இருக்கும் வாசகர்கள்