குடிநீர்த் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த குடிநீர்த் திருப்பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து தனியாக வருகிறது. இதில் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறோம்.

முதலில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கலங்கலும் வாடையும் வருகிறது என்று புகார் வந்தபோது, சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கோளாறு என்று குழு முழுக்கக் கை காட்டியது. கடிதம் எழுதி, நினைவூட்டி, பதிலுக்குக் காத்திருந்ததிலேயே பல வாரம் ஓடிவிட்டது. "தொட்டிக்கு வந்து விழற தண்ணியை யாராவது பிடிச்சுப் பார்த்தீங்களா?" என்று ஓர் உறுப்பினர் அப்புறம்தான் கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

அன்றைக்கே பார்த்தோம். சிறு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து டிபிடி மாத்திரையைக் கரைத்தால், குளோரின் இருக்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு ஏறும். தொட்டிக்குள் வந்து விழும் இடத்தில் நல்ல ரோஜா நிறம். தொட்டியை விட்டு வெளியேறும் இடத்தில் வெளிறிப்போயிருந்தது. கடைசித் தெருவின் கடைசி வீட்டில் மாத்திரை கரைந்ததுதான் மிச்சம், நிறமே இல்லை. வீட்டுக் குழாய் வரை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நல்லபடியாக வந்த தண்ணீரை வழியில் கெடுத்துக்கொண்டிருந்தது நாம்தான்.

எனவே வேலையைத் தொட்டியிலிருந்து தொடங்கினோம். காற்றுப்போக்கிக் குழாயில் வலை இல்லை, மூடி சரியாக உட்காரவில்லை. உள்ளே இறங்கினவர் கணுக்கால் அளவு வண்டலில் நின்றார், மேலே பறவை இறகுகள் மிதந்தன. தண்ணீரில் இருக்கிற குளோரினை இப்படிப்பட்ட வண்டலே தின்றுவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. வழித்து, தேய்த்துக் கழுவி, கடும் குளோரின் கரைசலில் ஊறவைத்து வடித்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர் ஏற்றினோம். மூடியும் வலையும் புதிது.

பம்ப் அறையில் இன்னொன்றும் தெரிந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டை வாய் திறந்தபடியே கிடந்தது. புதுப் பவுடரில் சுமார் 30 சதவீதம் குளோரின் இருக்கும், காற்றும் ஈரமும் பட்டால் அது நாளுக்கு நாள் குறையும். 50,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் சேர்க்க, புதுப் பவுடர் ஏறக்குறைய 330 கிராம் வேண்டும். வீரியம் பாதியாகிவிட்டால் அதைப்போல இரண்டு மடங்கு. நம் பம்ப் அறையிலோ 'ரெண்டு கை அள்ளிப் போடு' என்பதுதான் கணக்கு. இப்போது மூடி போட்ட டிரம்மும் தராசும் இருக்கின்றன. பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுகிறார்கள்.

இந்தத் திருப்பணியில் பெரிய வேலை குழாய்தான். கடைசித் தெருவில் தோண்டியபோது, பழைய ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) ஓரிடத்தில் சாக்கடைக்குள்ளேயே படுத்திருந்தது. ஹேக்ஸா பிளேடால் ஒரு துண்டு அறுத்துப் பார்த்தோம். உள்ளே துருக் கட்டி ஏறி ஏறி, சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அடிப்பக்கத்தில் ஊசித் துளைகள். தண்ணீர் வரும் நேரத்தில் அவை வழியே கசிவு வெளியே போகும், அது பெரிய ஆபத்தில்லை. சப்ளை நின்று குழாய் காலியாகும்போதுதான் வினை: உள்ளே அழுத்தம் இறங்கிச் சாக்கடை நீரை அதே துளை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் முதல் குடம் யார் வீட்டில் விழுகிறதோ, அவர்கள் குடிப்பது அதைத்தான். மெயின் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும். நீங்கள் இழுப்பது தண்ணீரை மட்டும் இல்லை.

அந்தத் தெருவில் இப்போது முழுக்க எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக் குழாய், சாக்கடையை விட்டு விலகி, அதைவிட மேல்மட்டத்தில் போகிறது. அறுத்த பழைய துண்டு சங்க அலுவலக மேஜையில் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

வேலை முடிந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோன முதல் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போயிருந்தோம், வேறென்ன செய்வார்கள்? கிருமிச் சோதனைக்கு, குளோரினை முறிக்கும் மருந்து இட்டுக் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருகிறார்கள். குழாய் வாயைச் சுத்தம் செய்து, தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே சேர்க்க வேண்டும். இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். மலம் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. மூன்று இடத்து மாதிரியிலும் இல்லை. கடைசி வீட்டுக் குப்பியில் இப்போது இளஞ்சிவப்பு தெரிகிறது.

டிடிஎஸ் மீட்டரோடு வந்து "எண் குறைவாத்தானே காட்டுது, எதுக்கு இத்தனை செலவு?" என்று கேட்ட உறுப்பினர்களுக்கு: அந்தக் கருவி கரைந்த உப்பைத்தான் கணக்குப் பார்க்கும். சாக்கடை கலந்த தண்ணீரிலும் அது நல்ல எண் காட்டலாம். கண்ணையும் நம்ப முடியாது, கலங்கல் 4 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அளவைத் தொடும்வரை தண்ணீர் தெளிவாகவே தெரியும்.

மருந்து வாடை அடிக்கிறது என்று இப்போது புது வகைப் புகார் வருகிறது. உண்மைதான், அடிக்கிறது. பிடித்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தால் போய்விடும். மருந்து வாடையே இல்லாமல் இருந்த நாட்களில்தான் நாம் பயந்திருக்க வேண்டும்.

எங்களால் முடியாமல் போனது ஒன்று உண்டு. மீட்டரைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் இருக்கும் கீழ்த்தொட்டி, மாடித் தொட்டி, பழைய குழாய்களில் நாங்கள் கைவைக்க முடியாது. மூடி இல்லாத கீழ்த்தொட்டிகளைச் சுற்றிவரும்போது நிறையவே பார்த்தோம். அவற்றில் விழுந்தபின் இத்தனை வேலையும் வீண்தான்.

இனி பம்ப் ஆபரேட்டர் தினமும் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் பார்த்துப் பலகையில் எழுதுவார். எண் 0.2-க்குக் கீழே இருந்தாலோ, பலகை காலியாக இருந்தாலோ உடனே சொல்லுங்கள். அப்புறம், மாதம் ஒருமுறை தெரு முனையில் ஸ்கவர் வால்வைத் திறந்து அடி வண்டலை வெளியேற்றுவோம். அன்று தெருவில் கொஞ்ச நேரம் பழுப்பாகத் தண்ணீர் ஓடும். வீணாக்குகிறார்கள் என்று தயவுசெய்து போன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
குடிநீர்த் திருப்பணிக் குழு