கடலுக்கு போகாதீங்கன்னு சொல்றீங்க, போயிட்டவங்களுக்கு யார் சொல்றது?

புயல் எச்சரிக்கை எழுதுற ஆபீசர்களுக்கும் அத கடல் வரைக்கும் கொண்டு சேர்க்க வேண்டிய எல்லா துறைக்காரங்களுக்கும்,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டத்துல மேற்கு கடற்கரைக்காரி. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடின்னு ஒட்டி ஒட்டி இருக்க ஊர்கள்ல ஒண்ணுதான் எங்க ஊர். எதுன்னு சொல்லல, எல்லா ஊர்லயும் நடந்தது ஒண்ணுதான்.

"மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்". நீங்க ஒவ்வொரு தடவையும் போடுற இந்த ஒரு வரிய பத்தி பேசத்தான் இத எழுதுறேன். டிவில கீழ ஓடும், கோயில் மைக்ல சொல்லுவாங்க, வாட்ஸ்அப்ல எல்லா குரூப்லயும் வரும். வள்ளத்துக்காரங்களுக்கும் கட்டுமரக்காரங்களுக்கும் அது போதும், அவங்க விடியுமுன்ன போய் மதியத்துக்குள்ள திரும்புறவங்க, வலைய எடுத்து வீட்டுல போட்டுட்டு இருந்துப்பாங்க. ஆனா எங்க ஆளுங்க செய்றது தங்கல் தொழில். ஐஸ், டீசல், அரிசி, தண்ணி எல்லாம் ஏத்திட்டு கிளம்புனா 20 நாள், 30 நாள், சிலநேரம் 40 நாள் கழிச்சுதான் கரை. சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவெல்லாம் தாண்டி போவாங்க, இந்தியப் பெருங்கடல் நடுவுல இருக்க டீகோ கார்சியா தீவு பக்கம் வரைக்கும் போய் பிரிட்டிஷ்காரங்க கிட்ட மாட்டுன போட்டெல்லாம் எங்க பக்கம் உண்டு. பத்து நாளைக்கு முன்னாடியே போனவன் காதுல இந்த வரி எப்படி விழும், விழுந்தாலும் அவன் அத வச்சு என்ன செய்வான்?

2017ல வந்த ஒக்கி புயல நீங்க மறந்திருக்க மாட்டீங்க. நவம்பர் 29 இலங்கை பக்கம் வெறும் காற்றழுத்த தாழ்வு மண்டலமா இருந்தது மறுநாள் காலைல குமரிக்கடல்ல புயலா நின்னுச்சு. புயல்னு பேர் வச்ச எச்சரிக்கை வந்தப்ப 30ஆம் தேதி மதியம், அதுக்குள்ள எங்க ஊர்ல ஓடு பறந்து, வாழையும் ரப்பரும் சாஞ்சு, கரண்டு போயிருச்சு. அவ்வளவு வேகமா, அவ்வளவு கரைக்கு கிட்ட ஒரு புயல் உருவானத முன்கூட்டியே கணிக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லன்னு எனக்கு தெரியும், அதுக்காக உங்கள குத்தம் சொல்ல வரல. என் பேச்சு வேற. நீங்க ரெண்டு நாள் முன்னாடியே மிகச்சரியா சொல்லியிருந்தாலும் எங்க போட்டுங்களுக்கு அது போயிருக்காது. வயர்லெஸ் கரையில இருந்து முப்பது மைல் தாண்டுனா எடுக்காது, பக்கத்து போட்டோட பேசலாம், அவ்வளவுதான். அவன் அடுத்தவனுக்கு சொல்லி அவன் அதுக்கும் அடுத்தவனுக்கு சொல்லி அப்படியே கைமாறி போனாதான் சேதி. இடையில ஒரு போட் இல்லன்னா அங்கயே சங்கிலி அறுந்துடும்.

எங்க தாய்மாமா போன போட்ல மொத்தம் 11 பேர். ராத்திரி காத்து ஏறுனப்ப வழக்கமா கொண்டல்ல கிடைக்கிற மழைக்காத்துன்னு நெனச்சு எஞ்சினை ஸ்லோல போட்டு அலைக்கு மூஞ்சிய காட்டிட்டு நின்னிருக்காங்க. அது எந்தப் பக்கம் நகருதுன்னு தெரியாம, கரைய நோக்கி வரணும்னு ஸ்ராங்கு, அதான் போட் ஓட்டுறவர், முடிவெடுத்து நேரா அது வர்ற வழிக்குள்ளயே ஓட்டியிருக்கார். மேல இருந்த கேபின் கண்ணாடி போச்சு, பேட்டரி நனைஞ்சு வயர்லெஸ்ஸும் போச்சு. தெற்கால ஒரு நாற்பது மைல் விலகியிருந்தா இவ்வளவு அடி வாங்கியிருக்க மாட்டோம்னு மாமா இன்னிக்கும் சொல்லுவார். 9ஆம் நாள்தான் ஒரு போன் வந்துச்சு, வேற மாநிலத்து நம்பர்ல இருந்து. அந்த ஒன்பது நாளும் எங்க அத்தை கோயில் முற்றத்த விட்டு வீட்டுக்கு வரல. எங்க தெருவுலயே மூணு வீட்டுக்கு அந்த போன் வரவே இல்ல.

அந்த நாள்கள்ல எங்கள ரொம்ப நொறுக்குனது இன்னொண்ணு. கடல்ல எத்தன பேர் இருக்காங்கன்னு ஒரு கணக்கு யார் கிட்டயும் இல்ல. எங்க போட் பலதும் கொச்சில இருந்து தொழில் பண்ணுறது, பதிவும் கேரளாவுல. அப்ப இவங்க அந்தக் கணக்கா இந்தக் கணக்கான்னே குழப்பம். பேர் எழுதுனது பங்குத்தந்தைகளும் ஊர் பிள்ளைங்களும்தான், வீடு வீடா போய், நோட்டுல, எந்த போட், எந்த துறைமுகத்துல இருந்து போனது, எத்தன பேர்னு. மகாராஷ்டிராவுல 68 படகுல 952 பேர் கரை சேர்ந்திருக்காங்கன்னு சேதி வந்தப்ப அதுல நம்ம ஆள் இருக்கானான்னு அந்த நோட்ட வச்சுதான் தேடுனோம். டிவில அப்ப ஆர்.கே.நகர் இடைத்தேர்தல்தான் ஓடிட்டு இருந்துச்சு, அத எங்க ஊர்ல இப்பவும் சொல்லி அழுவாங்க. டிசம்பர் 7 பொறுக்க முடியாம குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல ஆயிரக்கணக்குல போய் உக்காந்தோம், கைக்குழந்தையோட வந்தவங்க உண்டு, வயசான பாட்டிங்க உண்டு. கேட்டது ஒண்ணுதான், இன்னும் தூரமா போய் தேடுங்க, போற கப்பல்ல எங்க ஆளுங்களையும் ஏத்திக்குங்க, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்னு அவங்களுக்கு தெரியும்.

அப்புறம் காணாம போனவங்க கதை. 7 வருஷம் தகவல் இல்லன்னாதான் இறந்ததா எடுத்துக்கணும்னு ஒரு சட்டம் இருக்குன்னு அப்பதான் எங்க ஊர் பொம்பளைங்களுக்கே தெரிஞ்சுது. அத தளர்த்தி 20 லட்சம் நிவாரணம் குடுத்தாங்க, அது பெரிய உதவி, மறுக்கல. உடம்பு கிடைக்காம அடக்கம் பண்ணாம ஒரு சர்டிபிகேட்ட கையில வாங்குறது எப்படி இருக்கும்னு அத வாங்குனவங்களுக்குத்தான் தெரியும். சிலர் ரொம்ப நாள் வாங்கவே மாட்டேன்னு இருந்தாங்க.

அதுக்கப்புறம் நிறைய செஞ்சிருக்கீங்க, அதையும் சொல்லணும். 2019ல ஜெமினின்னு ஒரு கருவி வந்துச்சு, சேட்டிலைட்ல இருந்து சேதிய வாங்கி போன்ல காட்டும், ஆனா வாங்க மட்டும்தான் முடியும், நாம திருப்பி ஒண்ணும் சொல்ல முடியாது. 2024ல ஒரு லட்சம் படகுக்கு இலவசமா டிரான்ஸ்பாண்டர்னு திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல நாமளும் சேதி அனுப்பலாம், ஆபத்துன்னா பட்டன அமுக்கலாம். கேட்டப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு. இது 2017ல இருந்திருந்தான்னு நெனக்காம இருக்க முடியல.

அந்தப் பெட்டிக்குள்ள நீங்க என்ன எழுதி அனுப்பப் போறீங்க? கேக்க வந்தது இதுதான். அதே பழைய வரிய அங்கயும் அனுப்பாதீங்க. 150 மைல் வெளிய நிக்குற ஸ்ராங்குக்கு கடலுக்கு போகாதேன்னு சொன்னா அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கரைக்கு திரும்புன்னு பொதுவா சொன்னா சில இடத்துல அது அவன சாவுக்குள்ளயே கொண்டு விடும், எங்க மாமா போட்டுக்கு நடந்தது அதுதான். அவனுக்கு தேவைப்படுறது புயல் இப்ப எந்த டிகிரில நிக்குது, எந்தப் பக்கம் என்ன வேகத்துல நகருது, நீ இருக்க இடத்துல இருந்து வடக்க போகணுமா தெற்க போகணுமா, எந்த துறைமுகத்துல ஒதுங்கலாம், அவ்வளவுதான். நாலே வரி. தமிழ்லயும் மலையாளத்துலயும், நாங்க பேசுற வார்த்தையில. "தென்மேற்கு வங்கக்கடல் மற்றும் அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதி"ன்னா அது படிச்சவங்களுக்கு, போட்ல இருக்கவனுக்கு டிகிரியும் மைலும் சொன்னா ஜிபிஎஸ்ல உடனே குறிச்சுப்பான்.

இன்னொண்ணு, கொச்சில இருந்து போனாலும் தேங்காப்பட்டணத்துல இருந்து போனாலும் கிளம்புற அன்னிக்கே போட்ல இருக்க ஆளுங்க பேர் ரெண்டு மாநிலமும் பாக்குற மாதிரி ஒரே இடத்துல பதியட்டும். பேர் பதிய லைன்ல நிக்க எங்க ஆளுங்க சலிச்சுக்குவாங்கதான், அத நாங்க வீட்டுல இருக்க பொம்பளைங்க பாத்துக்குறோம், பதியாம போட் ஏற விடமாட்டோம்.

நீங்க எழுதுற அந்த நாலு வரி கடல்ல படிக்கிறவனுக்கு புரியுதான்னு ஆபீஸ்ல உக்காந்து பாத்தா தெரியாது. அடுத்த சீசனுக்கு முன்னாடி ஒருதடவ எங்க ஊருக்கு வாங்க. மாமா இப்ப தொழிலுக்கு போறதில்ல, மத்தியானத்துக்கு மேல கோயில் முன்னாடி வலை பின்னிட்டு இருப்பார். எழுதுனத அவர் கிட்ட படிச்சுக் காட்டுங்க, எந்த வார்த்தைய மாத்தணும்னு அவர் சொல்லுவார்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்ல இருந்து ஒரு மருமகள்