களத்தில் நின்ற எல்லாருக்கும் நன்றி

பெரும்போக நெல் வெட்டு முடிந்த கையோடு தம்பலகாமத்தில் நாங்கள் வைத்த அறுவடை விழா நல்லபடியாக நடந்து முடிந்தது. உதவிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்ல வேண்டியது. அதற்கு நாள் போதாது என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி எருமைகளோடு வந்த பெரியையாவுக்கு. இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் வெட்டும், கதிரில் இருந்து நெல்லைப் பிரிக்கும் சூடடிப்பும் ஒன்றாக முடிந்துவிடுகிறது. கதிரைக் கட்டிக் குவித்துச் சூடு வைப்பதையும், மாட்டைப் பிணைத்து மிதிப்பதையும் எங்கள் பிள்ளைகள் கண்டதே இல்லை. இதற்காகவே ஐயா வயலில் ஒரு மூலையை மெசினுக்கு விடாமல் வைத்திருந்து, அரிவாளால் வெட்டிச் சூடு வைத்தார். நான்கு எருமைகளும் களத்தைச் சுற்றி வர, வைக்கோலுக்கு அடியில் நெல் உதிர்ந்து சேர்வதைப் பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு சின்னவன் கை நிறைய அள்ளி, "இவ்வளவு நெல்லா!" என்றான். ஐயா அவன் தலையில் கை வைத்து, "களத்தில நெல்லு எண்டு சொல்லக்கூடாது மகன், பொலி எண்டு சொல்ல வேணும்" என்றார். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க "பொலி, பொலி" என்ற சத்தம்தான். அந்த ஒரு சொல் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததே எனக்குப் பெரிய நிறைவு.

உரலடியில் நின்ற அக்காமாருக்கு என்ன சொல்வது! ஒரே உரலில் இரண்டு உலக்கை மாறி மாறி விழுந்தும் ஒன்றோடொன்று முட்டவில்லை. குற்றிய பச்சைப்பெருமாள் நெல்லைச் சுளகில் புடைத்து, உமி பறந்த பிறகு சிவந்த அரிசியைப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். வெயில் ஏறியும் ஒருவரும் நிழலுக்குப் போகவில்லை.

மூதூரில் இருந்து பன்பாய் இழைத்துக் காட்ட வந்த உம்மாமாருக்கும், கிண்ணியாவில் இருந்து வந்து சிலம்படித்த தம்பிமாருக்கும் மனமார்ந்த நன்றி. அஸர் தொழுகை நேரத்தில் நாங்கள் கேட்காமலே மேளத்தை நிறுத்திய கலைஞர்களையும் மறக்க மாட்டோம். கும்மியடித்த பிள்ளைகள், கயிறிழுத்தவர்கள், சட்டிச் சட்டியாகத் தயிர் கொண்டு வந்த பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் நன்றி.

வாடகைக்குப் பேசிய ஜெனரேட்டர் கடைசி நேரத்தில் வரவில்லை. சந்திக் கடை முதலாளி தன் கடையில் இருந்ததைக் கழற்றித் தந்தார். அன்று பின்னேரம் முழுக்க அவருடைய குளிர்பெட்டி ஓடவில்லை என்று மறுநாள்தான் தெரிந்தது.

புது அரிசியில் பொங்கும் புதிர்ப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டியவர் எங்கள் அம்மம்மா ஒருவர். இந்த வயல்களுக்குத் தண்ணீர் தருவது கந்தளாய்க் குளம். 1986 சித்திரையில் அதன் கட்டு உடைந்து வெள்ளம் பாய்ந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். பானை பொங்கியதும் குளம் இருக்கும் திசையைப் பார்த்துத்தான் முதலில் கும்பிட்டார். நாங்களும் கூடவே கும்பிட்டோம்.

சரி, ஒரு செய்தி. ஓரம் கட்டிய ஒரு சுளகும் மூடியில்லாத ஒரு தயிர்ச் சட்டியும் களத்தடியில் கிடந்தன. இரண்டும் எங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுங்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.