தேதி என்ன கண்ணு?

பாப்பாவுக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. நீ ஃபோன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில்கூட இங்கிலீஷ் தவிர வேறு பேசக்கூடாதாம், மாப்பிள்ளைதான் சொன்னார். நீ சொல்லவில்லை.

அந்த உத்தரவு எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால் யார், என்றைக்கு, என்ன வார்த்தையில் சொன்னார் என்று குறித்து வை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வேண்டாம்.

2025 மார்ச் 1 அன்று ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கி அமெரிக்க அதிபர் போட்ட உத்தரவைக் காட்டினால் மிரளாதே. உன் இடைவேளைப் பேச்சைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. நீ இருக்கும் அரிசோனாவில் அரசு ஊழியர் ஆங்கிலத்தில் மட்டுமே அலுவல் பார்க்க வேண்டும் என்று 1988இல் கொண்டுவந்த மாநில அரசமைப்புத் திருத்தத்தை, மாநில உச்ச நீதிமன்றமே 1998இல் செல்லாதென்றது. 2006இல் வந்த புதுத் திருத்தம் அதிகாரப்பூர்வ நடவடிக்கைகளைப் பற்றியது. சோறு தின்பது அதில் சேராது.

நீ பிடிக்க வேண்டியது 1964 சிவில் உரிமைச் சட்டத்தில், வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் ஏழாம் அத்தியாயம். எந்நேரமும் ஆங்கிலம் மட்டும் என்றால் அதைப் பாகுபாடாகவே கருத வேண்டும் என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் (EEOC) 1980இல் விதி வகுத்தது. ஆனால் 1993இல் ஸ்பன் ஸ்டீக் என்ற கம்பெனியின் வழக்கில், அரிசோனாவும் அடங்கிய ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ஏற்கவில்லை. இரண்டு மொழியும் தெரிந்தவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளலாமே என்றது. உனக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு, அதனால் இந்தத் தீர்ப்பைத்தான் உன்மேல் எறிவார்கள். நன்றாகக் கேள்: அந்தக் கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் ஸ்பானிஷ் பேச விட்டிருந்தது. உங்கள் ஆபீஸ் அதையும் விடவில்லை. ஆணையத்துக்குக் கொடுக்கும் மனுவின் முதல் பத்தியிலேயே இதை எழுது.

உத்தரவு போட்ட நாளிலிருந்து, ஆணையத்தில் மனு கொடுக்க 300 நாள் கெடு, மாநிலத்தின் சிவில் உரிமைப் பிரிவில் கொடுக்க 180. நீ 180 என்றே கணக்கு வை. ஆபீஸுக்குள் புகார் கொடுத்துக் காத்திருந்தால் கெடு நிற்காது, ஓடிக்கொண்டேயிருக்கும். நல்ல கேஸ்கள் இப்படித்தான் வீணாகின்றன. தேதியை எழுதி வை.

இவ்வளவு படித்த பிள்ளை, ஏன் வாய் திறக்கவில்லை என்று முந்தாநாள் அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் இருந்த மண் உண்டியலைப் பார்த்தாள். வீட்டில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் போட வைத்தவன் நான். காசு போகுமென்று நீ பேசாமலே சாப்பிட்டு எழுந்து போவாய். இங்கிலீஷ் வந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். தப்பு, கண்ணு. பெரிய தப்பு.

உத்தரவு போட்ட தேதி என்ன? அதை மட்டுமாவது எழுதி அனுப்பு. தமிழிலேயே எழுது.

அப்பா